ஓடும் கெர்னலில் ஐந்து பைட்டுகள்

லினக்ஸ் கெர்னலில் உள்ள பெரும்பாலான ஃபங்ஷன்கள் ஒன்றுமே செய்யாத ஐந்து பைட்டுகளோடு தொடங்குகின்றன. இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களுக்கான கெர்னலில் அந்தப் பைட்டுகளை எண்களாக எழுதினால் 15, 31, 68, 0, 0 என்று வரும். ஐந்தும் சேர்ந்து ஒரே கட்டளை. பிராசஸர் அதைப் படிக்கும், செய்வதற்கு எதுவும் இல்லை என்று அறியும், அடுத்த கட்டளைக்குப் போய்விடும். நோ-ஆப் என்று அதற்குப் பெயர். கெர்னல் முழுக்க இப்படிப் பல பத்தாயிரம் இடங்கள் உண்டு.

இவை வீணாக விடப்பட்ட இடங்கள் அல்ல. ஒரு சர்வர் திணறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கெர்னலின் எந்த மூலையில் நேரம் கரைகிறது என்று பார்க்க வேண்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் திணறல் நின்றுவிடும், அதன் காரணமும் அதோடு மறைந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பார்த்தால்தான் உண்டு. அதற்காக கெர்னலுக்குள் இருக்கும் எஃப்ட்ரேஸ் என்ற கருவி, அந்த ஐந்து பைட்டுகளின் மேல் ஓர் அழைப்புக் கட்டளையை எழுதுகிறது. அழைப்புக் கட்டளையும் சரியாக ஐந்து பைட்: முதல் பைட் 232, மற்ற நான்கும் எவ்வளவு தூரம் தாண்டிப் போய் அழைக்க வேண்டும் என்ற கணக்கு. அதை எழுதிய நொடி முதல், அந்த ஃபங்ஷனுக்குள் யார் நுழைந்தாலும் எஃப்ட்ரேஸுக்குத் தகவல் போகும். வேலை முடிந்ததும் பழையபடி நோ-ஆப் வந்து உட்கார்ந்துவிடும்.

கெர்னல் தன் நிரலைத் தானே திருத்திக்கொள்வது ஏதோ நிபுணர்கள் மட்டும் எப்போதோ செய்யும் காரியம் என்று நினைக்க வேண்டாம். நெட்வொர்க்கில் வரும் பாக்கெட்டுகளுக்கு நேரமுத்திரை இட வேண்டுமா என்ற கேள்வியை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் வேகம் குறையும். அதனால் அந்தப் பாதையில் கேள்வியே கிடையாது. நோ-ஆப் மட்டும் இருக்கிறது. பிங் போன்ற ஒரு நிரல் முதன்முதலாக நேரமுத்திரை கேட்கும்போது, கெர்னல் அந்த நோ-ஆப்பை அழித்துவிட்டு அங்கே ஒரு தாவல் கட்டளையை எழுதிக்கொள்கிறது. சாதாரணப் பயனர் ஒருவர் தட்டும் ஒரு சொல், ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தின் உட்கருவையே திருத்திவிடுகிறது. அப்போது எதுவும் உடைவதில்லை. உடையாமல் இருப்பதற்குப் பின்னால் எவ்வளவு யோசனை இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

ஒரே ஒரு கோர் உள்ள பழைய கணினியில் இது எளிது. இன்டரப்ட்டுகளைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்துவிட்டு, ஐந்து பைட்டையும் எழுதிவிட்டு, மறுபடி திறந்துவிட்டால் போதும். எழுதுபவரும் படிப்பவரும் ஒருவரே என்பதால், எழுதும்போது படிக்க ஆள் கிடையாது. பல கோர்கள் உள்ள இயந்திரத்தில் நிலைமை வேறு. கோயிலில் ஒரே ஏட்டைச் சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் பாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு அடியில் இருக்கிறார்கள். பாட்டு நிற்கக் கூடாது. இடையில் ஒரு சொல்லை அழித்து வேறு சொல்லை எழுத வேண்டும். வாய் ஒரு சொல்லில் இருக்கும்போதே கண் அடுத்த அடிக்குப் போயிருக்கும் என்பதுதான் இதில் கஷ்டம். ஏட்டில் இப்போது இருப்பதை அல்ல, சற்று முன் கண்ணில் பட்டதையே வாய் பாடும். பிராசஸரும் அப்படித்தான். கட்டளைகளை முன்கூட்டியே எடுத்து, பிரித்துப் பார்த்து, வரிசையில் நிறுத்தி வைத்துக்கொண்டே ஓடுகிறது.

பாதி எழுதியதை ஒரு கோர் படித்துவிட்டால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பைட்டில் முதலாவது மட்டும் புதிதாக 232 ஆகிவிட்டது, மற்ற நான்கும் பழையவை: 232, 31, 68, 0, 0. இது குப்பை அல்ல, முழுமையான, செல்லுபடியாகும் அழைப்புக் கட்டளை. தூரக் கணக்கில் சிறிய இலக்கம் முதலில் வரும் என்பதால், 31-ஐயும் 68 முறை 256-ஐயும் கூட்டினால் 17,439. அந்தக் கோர் 17,439 பைட்டுகள் தள்ளிப் போய், சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு ஃபங்ஷனின் நடுவில், ஒரு கட்டளையின் இடுப்பில் கூட இறங்கி, அங்கிருந்து ஓடத் தொடங்கும். கெர்னலுக்குள் ஓடுவதைத் தடுத்து நிறுத்த அதற்கு மேலே யாரும் இல்லை. இயந்திரம் உடனே விழுந்தால் அது அதிர்ஷ்டம். விழாமல் கோப்பு ஒன்றில் தவறான தகவலை எழுதிவிட்டுத் தொடர்ந்து ஓடினால்தான் ஆபத்து.

ஐந்து பைட்டையும் ஒரே வீச்சில் எழுதிவிட்டால் தீர்ந்துவிடாதா என்று தோன்றும். முதல் சிக்கல், நினைவகம் 64 பைட் கொண்ட துண்டுகளாகத்தான் கேஷுக்கு வருகிறது. இன்டெல் வகைப் பிராசஸர்களின் கட்டளைகளுக்கு ஒரே நீளம் கிடையாது. ஒரு பைட்டிலிருந்து பதினைந்து பைட் வரை எதுவாகவும் இருக்கலாம். அதனால் நம் ஐந்து பைட்டுகள் இரண்டு துண்டுகளின் எல்லையில் பாதி இங்கும் பாதி அங்குமாகக் கிடக்க வாய்ப்புண்டு. அப்போது எடுத்துப் படிக்கும் கோருக்கு ஒரு துண்டு பழையதாகவும் ஒன்று புதியதாகவும் கிடைக்கலாம். இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. ஒரே துண்டுக்குள் ஒரே வீச்சில் எழுதினாலும், தரவைப் படிக்கும் பாதைக்கு உள்ள உறுதிமொழி கட்டளையை எடுக்கும் பாதைக்கு இல்லை. ஒரு கோர் ஓட்டிக்கொண்டிருக்கும் கட்டளையை இன்னொரு கோர் ஒத்திசைவு இல்லாமல் மாற்றினால் எதிர்பாராத விளைவு வரலாம் என்று பென்டியம் 3-க்கான பிழைப்பட்டியலிலேயே இன்டெல் எழுதி வைத்திருக்கிறது. எதிர்பாராத விளைவு என்றால் பழைய கட்டளையும் இல்லை, புதிய கட்டளையும் இல்லை, மூன்றாவதாக ஏதோ ஒன்று.

இன்டெல் கையேடு சொல்லும் வழி பத்திரமானது. எழுதும் கோர் எழுதி முடிக்கும் வரை மற்றவை காத்திருக்க வேண்டும்; காத்திருந்தவை, புதிய நிரலுக்குள் போகும் முன் ஒரு வரிசைப்படுத்தும் கட்டளையை ஓட்ட வேண்டும். முன்கூட்டி எடுத்து வைத்திருப்பதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, நினைவகத்தில் இப்போது இருப்பதைப் புதிதாக எடுக்கும்படி பிராசஸரைக் கட்டாயப்படுத்தும் கட்டளை அது.

லினக்ஸ் முதலில் பிடித்துக்கொண்டதும் இந்த வழியைத்தான். ரஸ்டி ரஸல் எழுதிய ஸ்டாப்-மெஷின் என்ற வசதி, பெயருக்கு ஏற்றபடி, இயந்திரத்தையே நிறுத்திவிடும். எல்லாக் கோர்களையும் கூப்பிட்டு, இன்டரப்ட்டுகளை அடைத்து, ஒன்றைத் தவிர மற்றவற்றைச் சும்மா சுற்றவிடும். அந்த ஒன்று எழுதி முடித்ததும் எல்லாம் மறுபடி கிளம்பும். எழுதும்போது படிக்க ஆள் இல்லை. பல கோர் இயந்திரத்தைச் சிறிது நேரத்துக்கு ஒற்றைக் கோர் இயந்திரமாக ஆக்கிவிடுகிறோம். ஆனால் இதற்கு விலை உண்டு. கோர்கள் கூடக் கூட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கூட்டி நிறுத்த ஆகும் நேரமும் கூடும். ஒலிப்பதிவு, தொழிற்சாலைக் கட்டுப்பாடு போன்ற, தாமதமே பொறுக்காத வேலைகளில் இருக்கும் இயந்திரம் அந்த நிறுத்தத்தை உணரும். என்.எம்.ஐ. எனப்படும், அடைக்கவே முடியாத இன்டரப்ட் ஒரு வகையும் உண்டு. எல்லாம் நின்றிருக்கும்போதும் அது வரும். வந்தால் அதைக் கையாளும் நிரல் ஓடும். திருத்திக்கொண்டிருக்கும் ஃபங்ஷனை அதுவே கூப்பிடவும் கூடும். ஆகவே எல்லாரையும் நிறுத்திவிட்டோம் என்பதும் முழு உண்மை இல்லை.

எழுதுபவர் படிப்பவரை மட்டும் கவனித்தால் போதாது, எழுதும் இடத்தையும் கவனிக்க வேண்டும் என்ற பாடத்தை 2008-இல் நடந்த ஒரு விபத்து கற்றுக்கொடுத்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில், லினக்ஸ் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளை ஓட்டிப் பார்த்தவர்கள் சிலரின் கணினிகளில் இன்டெல் நெட்வொர்க் கருவி திடீரென்று செத்துப்போனது. மறுதொடக்கம் செய்தாலும் வரவில்லை, பழைய கெர்னலுக்குத் திரும்பினாலும் வரவில்லை. கருவியின் சொந்த அமைப்புத் தகவல்கள் நிலையாகச் சேமிக்கப்பட்டிருக்கும் ஃபிளாஷ் நினைவகமே கெட்டுப்போயிருந்தது. மென்பொருள் ஒன்று வன்பொருளைக் கொன்றுவிட்டது என்பதால் பெரும் பதற்றம். சந்தேகம் முதலில் அந்தக் கருவியின் டிரைவரான இ1000இ மேல்தான் விழுந்தது. லினக்ஸ் விநியோகங்கள் தங்கள் சோதனைப் பதிப்புகளில் அந்த டிரைவரையே முடக்கி வைத்தன.

டிரைவர் குற்றவாளி இல்லை. அதே 2.6.27-இல் புதிதாக நுழைந்த எஃப்ட்ரேஸ்தான் காரணம். ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதிய அந்த முதல் வடிவத்தில், தொடக்கத்திலேயே ஃபங்ஷன்களின் பட்டியல் கையில் இருக்காது. ஃபங்ஷன்கள் ஓட ஓட, அவற்றின் அழைப்பு முகவரிகள் ஒரு பட்டியலில் சேரும். நொடிக்கு ஒரு முறை விழிக்கும் பின்னணி வேலை ஒன்று பட்டியலை எடுத்து, ஸ்டாப்-மெஷின் மூலம் இயந்திரத்தை நிறுத்தி, அந்த முகவரிகளில் நோ-ஆப்பை எழுதும். கோர்களைப் பொறுத்தவரை இது பாதுகாப்பானதே. ஓட்டை வேறிடத்தில் இருந்தது. மாட்யூல் ஒன்று ஏற்றப்படும்போது அதன் தொடக்க ஃபங்ஷன் ஒரே ஒரு முறை ஓடும். ஓடியதும் அது இருந்த நினைவகம் விடுவிக்கப்படும். அதன் முகவரி மட்டும் பட்டியலில் தங்கியிருக்கும். 32-பிட் கெர்னலில் மாட்யூல்களின் நிரலுக்கும், வன்பொருளை நேரடியாகத் தொட உதவும் முகவரிகளுக்கும் ஒரே பரப்பிலிருந்துதான் இடம் ஒதுக்கப்படுகிறது. விடுவிக்கப்பட்ட அதே இடத்தை அடுத்த கணமே இ1000இ டிரைவர் தன் ஃபிளாஷ் நினைவகத்துக்கு வாங்கிக்கொண்டுவிட்டது. அடுத்த விழிப்பில் எஃப்ட்ரேஸ் அங்கே எழுதப் போனது.

அதுவும் கண்மூடிக்கொண்டு எழுதவில்லை. இருக்க வேண்டிய பழைய பைட்டுகள் இருந்தால் மட்டுமே புதியதை எழுது என்று சொல்லும், ஒப்பிட்டு மாற்றும் கட்டளையைத்தான் பயன்படுத்தியது. எதிர்பார்த்த பைட்டுகள் அங்கே இல்லை. ஆகவே எதுவும் நடந்திருக்கக் கூடாது. ஆனால் இன்டெல் பிராசஸரில் அந்தக் கட்டளை, ஒப்பீடு தோற்றாலும் எழுதும் சுழற்சியை நடத்தியே தீரும். படித்த அதே மதிப்பைத் திரும்ப எழுதிவைக்கும். சாதாரண நினைவகத்தில் அதனால் ஒரு தீங்கும் இல்லை. வன்பொருளின் பதிவேட்டில் அதே மதிப்பை எழுதுவது கூட ஒரு செயல், ஓர் ஆணை. ஃபிளாஷ் கெட்டது அப்படித்தான்.

2008 அக்டோபரில் 2.6.27 வெளியான சில நாட்களுக்குள் வந்த 2.6.27.1 பதிப்பு, இந்த வசதியை முடக்கிவைத்தது. பின்னர் எஃப்ட்ரேஸ் அடியோடு மாற்றி எழுதப்பட்டது. இப்போது முகவரிகள் கெர்னலைக் கட்டும்போதே பட்டியலிடப்படுகின்றன. மாட்யூல் நினைவகம் விடுவிக்கப்பட்டால் அதன் முகவரிகளும் பட்டியலிலிருந்து நீங்கும். எழுதும் முன் அந்த இடத்தைப் படித்துப் பார்த்து, எதிர்பார்த்தது இல்லையென்றால் கை வைக்காமல் நிறுத்திக்கொண்டு எச்சரிக்கை எழுப்பும். சந்தேகம் வந்தால் ஒன்றும் செய்யாதே என்ற இந்தப் பண்பு, ஒரு விபத்தின் வழியாக வந்தது.

இனி, இயந்திரத்தை நிறுத்தாமல் எழுதும் வழி. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். மாண்ட்ரியலில் ஆய்வு மாணவராக இருந்த மாத்யூ டெனோயே 2007 வாக்கிலேயே இதைக் கொண்டு லினக்ஸில் முயன்றார். 2012-இல் வெளியான 3.5 பதிப்பில் எஃப்ட்ரேஸ் இதற்கு மாறியது. பிழைதிருத்தும் மென்பொருள்களுக்காக இன்டெல் தன் பிராசஸர்களில் தொடக்க காலத்திலிருந்தே வைத்திருக்கும் ஒரு கட்டளை உண்டு: பிரேக்பாயின்ட். அதன் எண் 204. நீளம் ஒரே பைட். ஒரு கோர் அதை மிதித்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு கெர்னலின் குறிப்பிட்ட கையாளும் நிரலுக்குத் தாவும். ஒரே பைட் என்பதால், அதை எழுதும்போது பாதி எழுதிய நிலை என்று ஒன்று இருக்கவே முடியாது. எந்தக் கட்டளையின் முதல் பைட்டின் மேலும் அதைப் பொருத்திவிடலாம்.

நோ-ஆப்பை அழைப்பாக மாற்றும் வேலை இப்படி நடக்கிறது. முதலில் 15 இருக்கும் இடத்தில் மட்டும் 204 எழுதப்படுகிறது: 204, 31, 68, 0, 0. பிறகு எல்லாக் கோர்களுக்கும் ஓர் இன்டரப்ட் போகிறது. ஒவ்வொரு கோரும் அதை ஏற்று, வரிசைப்படுத்தும் கட்டளை ஒன்றை ஓட்டி, முன்கூட்டி எடுத்து வைத்ததைக் கழித்துவிட்டு, தன் வேலைக்குத் திரும்புகிறது. எல்லாரும் பதில் சொல்லி முடித்த கணத்திலிருந்து, உலகத்தில் எந்தக் கோரும் அந்த இடத்தில் பழைய நோ-ஆப்பைப் பார்க்க முடியாது. வந்தால் 204-ஐத்தான் மிதிக்கும். அப்படியானால் பின்னால் உள்ள நான்கு பைட்டுகளைக் கட்டளையாகப் படிக்க இனி யாரும் இல்லை. அவற்றை எப்படி வேண்டுமானாலும், எவ்வளவு நிதானமாக வேண்டுமானாலும் எழுதலாம். புதிய தூரக் கணக்கு அங்கே எழுதப்படுகிறது. மறுபடி எல்லாக் கோர்களுக்கும் இன்டரப்ட். கடைசியில் 204-இன் மேல் 232. இன்னும் ஒரு சுற்று இன்டரப்ட். முடிந்தது. பல பத்தாயிரம் இடங்களை மாற்ற வேண்டியிருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இன்டரப்ட் தேவையில்லை. எல்லா இடங்களிலும் முதலில் 204-ஐப் பொருத்திவிட்டு ஒரு சுற்று, எல்லா இடங்களிலும் மீதியை எழுதிவிட்டு ஒரு சுற்று, இறுதியில் ஒரு சுற்று என்று மொத்தமாக முடித்துவிடலாம்.

இதில் யாரும் நிறுத்தி வைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்டரப்ட்டை ஏற்கும் மிகச் சிறிய நேரம் தவிர எல்லாக் கோர்களும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. ஸ்டாப்-மெஷின் செய்தது படிப்பவர்களை விரட்டும் வேலை. இங்கே செய்வது வேறு: இடையில் வரும் ஒவ்வொரு நிலையையும், அதை யார் எப்போது படித்தாலும் பொருள் தரும்படி அமைப்பது. 204, 31, 68, 0, 0 என்பது அரைகுறை நிலை அல்ல. "இங்கே வேலை நடக்கிறது, கெர்னலிடம் கேட்டுக்கொண்டு போ" என்று சொல்லும் முழுமையான நிரல். பல கோர் நிரலாக்கத்தில் இன்றைய நல்ல உத்திகளில் பெரும்பாலானவை இந்த ஒரே சிந்தனையின் வெவ்வேறு வடிவங்கள் என்று நான் கருதுகிறேன். வேகமாக எழுதி முடித்துவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட எதுவும் நிலைக்கவில்லை.

அந்த இடைவெளியில் 204-ஐ மிதித்த கோர் என்ன செய்யும்? கையாளும் நிரல், மிதிக்கப்பட்ட முகவரி தான் திருத்திக்கொண்டிருக்கும் பட்டியலில் உள்ளதா என்று பார்க்கும். இருந்தால், ஐந்து பைட்டையும் தாண்டி ஓட்டத்தை அனுப்பிவிடும். அதாவது நோ-ஆப் செய்ததையே தானும் செய்துவிடும். தொடக்கத்தில் எஃப்ட்ரேஸ் இவ்வளவுதான் செய்தது. கண்காணிப்புக்கு இது போதும். ஓரிரண்டு அழைப்புகள் பதிவாகாமல் போனால் யாருக்கும் நட்டமில்லை.

அதே ஐந்து பைட்டுகளை வேறு வேலைக்கும் பயன்படுத்தத் தொடங்கியபோது அது போதாமல் போனது. பாதுகாப்புப் பிழை உள்ள ஒரு கெர்னல் ஃபங்ஷனை, இயந்திரத்தை நிறுத்தாமலே புதிய ஃபங்ஷனுக்குத் திருப்பிவிடும் லைவ்பேட்ச் என்ற வசதி, எஃப்ட்ரேஸின் அழைப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அப்படித் திருப்பப்பட்ட ஒரு ஃபங்ஷனை யாரோ கண்காணிக்கவும் தொடங்குகிறார்கள் என்றால், ஓர் அழைப்பு இன்னோர் அழைப்பாக மாற வேண்டும். இடையில் 204-ஐ மிதித்தவரை வெறுமனே தாண்டிப் போக விட்டால், அவர் பழைய, ஓட்டை உள்ள ஃபங்ஷனுக்குள் போய்விடுவார். ஆகவே கையாளும் நிரல் ஓர் அழைப்புக் கட்டளையைப் போலவே நடிக்க வேண்டும்: திரும்பும் முகவரியை ஸ்டாக்கில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஸ்டாக்கில் அதற்கு இடமில்லை. பிரேக்பாயின்ட் மிதிபட்டதும், திரும்பி வருவதற்கான தகவல்களைப் பிராசஸர் அதே ஸ்டாக்கின் உச்சியில் அடுக்கி வைத்துவிடுகிறது. புதிதாக வைக்க வேண்டியது அதற்கு அடியில் போக வேண்டும். நுழைவு நிரலிலேயே அந்த அடுக்கை நகர்த்தி இடைவெளி விடும் ஏற்பாடு 2019-இல் தான் சேர்ந்தது. மைக்ரோ நொடிகளில் மட்டும் திறந்து மூடும் ஓர் ஓட்டைக்காக நுழைவு நிரலையே மாற்றினார்கள். கெர்னல் எழுதுபவர்கள் மேல் எனக்குள்ள மரியாதை இப்படிப்பட்ட இடங்களில்தான் கூடுகிறது.

எழுதுவது எங்கிருந்து என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. தாக்குபவர்கள் கெர்னலின் நிரலை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக அந்த நினைவகம் படிக்க மட்டுமே என்று பூட்டப்பட்டிருக்கிறது. திருத்துவதற்காகப் பூட்டைத் திறந்தால் அந்த நேரத்தில் எல்லாக் கோர்களுக்கும் திறந்துவிடும். அதனால் நாதவ் அமித் 2019-இல் சேர்த்த முறைப்படி, அதே நினைவகத்துக்கு வேறொரு தற்காலிக முகவரி ஏற்படுத்தப்படுகிறது. அது எழுதும் கோர் ஒன்றுக்கு மட்டுமே, எழுதும் நேரத்துக்கு மட்டுமே தெரியும். மற்றவர்கள் பார்வையில் நிரல் எப்போதும் பூட்டியே இருக்கிறது.

இதுவரை பேசியதெல்லாம் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் படிப்பவர்களைப் பற்றி. தூங்குபவர்கள் இன்னொரு வகை. கெர்னலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பணியை எந்தக் கட்டளைக்கு முன்பும் நிறுத்திவிட்டு, அந்தக் கோரை வேறு பணிக்குக் கொடுக்கலாம். நிறுத்தப்பட்ட பணி, தான் எந்த முகவரியில் விட்டதோ அந்த முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு தூங்கும். கோர்களுக்கு எத்தனை இன்டரப்ட் அனுப்பினாலும் அதை எழுப்பாது. அது எந்தக் கோரிலும் இல்லை.

அந்த ஐந்து பைட்டும் ஏன் ஒரே கட்டளையாக இருக்க வேண்டும் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. ஒரு பைட் நோ-ஆப்பும் நான்கு பைட் நோ-ஆப்பும் அடுத்தடுத்து இருந்தாலும் ஐந்து பைட்தான். ஆனால் ஒரு பணி முதலாவதை முடித்து, இரண்டாவதைத் தொடும் முன் தூங்கப் போயிருந்தால்? நாம் அந்த ஐந்து பைட்டுக்கு மேல் அழைப்பை எழுதிய பிறகு அது விழித்து, அழைப்புக் கட்டளையின் இரண்டாவது பைட்டிலிருந்து ஓடத் தொடங்கும். தூரக் கணக்கைக் கட்டளை என்று எண்ணிப் படிக்கும். ஒரே நோ-ஆப் என்றால் அதன் நடுவில் நிற்க யாராலும் முடியாது. ஒன்று அதற்கு முன்னால், அல்லது அதைத் தாண்டி.

எல்லா இடத்திலும் இந்த வசதி கிடைக்காது. 2004-இல் கெர்னலில் சேர்ந்த கேப்ரோப்ஸ், ஃபங்ஷனின் தொடக்கத்தில் மட்டுமல்லாமல் நடுவில் எந்தக் கட்டளையிலும் கண்காணிப்பை வைக்க உதவுகிறது. அதுவும் 204-ஐத்தான் எழுதுகிறது. ஒவ்வொரு முறையும் பிரேக்பாயின்ட்டை மிதித்துக் கையாளும் நிரலுக்குப் போய்வர நேரம் ஆகும் என்பதால், மசாமி ஹிராமட்சு அதன் இடத்தில் ஐந்து பைட் தாவல் கட்டளையை வைக்கும் முறையை 2010-இல் சேர்த்தார். ஐந்து பைட்டுக்குள் இரண்டு மூன்று சிறிய கட்டளைகள் இருக்கலாம். அவற்றின் நடுவே யாராவது தூங்கிக்கொண்டிருக்கலாம். கண்டுபிடிக்க என்ன வழி? காத்திருப்பதுதான் வழி. பால் மெக்கென்னி 2014-இல் லினக்ஸுக்குக் கொடுத்த ஆர்சியு-டாஸ்க்ஸ் அதைச் செய்கிறது. கெர்னலுக்குள் தானாக முன்வந்து தூங்கப் போகும் பணி, அதற்கான ஃபங்ஷனைக் கூப்பிட்டுத்தான் தூங்கும். அந்த ஃபங்ஷனுக்குள் நிற்கும்போது நம் ஐந்து பைட்டுக்கு நடுவில் அது நிற்க முடியாது. கெர்னலை விட்டுப் பயனர் நிரலுக்குத் திரும்பியதும் அப்படித்தான். எனவே இயந்திரத்தில் உள்ள ஒவ்வொரு பணியும் ஒரு முறையாவது தானாகத் தூங்கியதோ பயனர் நிரலுக்குத் திரும்பியதோ உறுதியாகும் வரை பொறுத்திருந்து, பிறகு எழுதுகிறார்கள். நொடிக்கணக்கில் ஆகலாம். அவசரமில்லை, அதுவரை 204 அங்கே நின்று வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

முழு ஃபங்ஷனையே மாற்றும்போது காத்திருப்பு இன்னும் நீள்கிறது. 2008-இல் எம்ஐடியில் ஜெஃப் ஆர்னால்ட் வெளியிட்ட கேஸ்ப்ளைஸ், மறுதொடக்கம் இல்லாமல் பாதுகாப்புத் திருத்தங்களைப் பொருத்திக் காட்டியது. 2005 மே முதல் 2008 மே வரை வந்த 64 முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்களை எடுத்து அவரும் ஃபிரான்ஸ் காஷூக்கும் சோதித்தபோது, 56-ஐ ஒரு வரி கூடப் புதிதாக எழுதாமல் பொருத்த முடிந்தது. மற்ற எட்டுக்கும் சராசரியாக 17 வரிகள் போதுமானதாக இருந்தன. கேஸ்ப்ளைஸ் ஸ்டாப்-மெஷினால் எல்லாவற்றையும் நிறுத்தி, ஒவ்வொரு பணியின் ஸ்டாக்கையும் பார்க்கும். மாற்ற வேண்டிய ஃபங்ஷனுக்குள் யாராவது இருந்தால் கைவிட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி முயலும். ஆரக்கிள் நிறுவனம் அதை 2011-இல் வாங்கிக்கொண்டது. 2014-இல் ரெட் ஹேட் கேபேட்ச் என்ற ஒன்றையும், சூசே கேகிராஃப்ட் என்ற ஒன்றையும் கொண்டுவந்தன. இரண்டுக்கும் பொதுவான அடித்தளம் 2015-இல் லினக்ஸ் 4.0-இல் லைவ்பேட்ச் என்ற பெயரில் சேர்ந்தது.

இங்கே பைட்டுகளை எழுதுவது பிரச்சினையே இல்லை. அது தீர்ந்த விஷயம். பிரச்சினை பொருளில் இருக்கிறது. இரண்டு ஃபங்ஷன்கள் இரண்டு பூட்டுகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில் எடுக்கின்றன. திருத்தம் அந்த வரிசையை இரண்டிலும் மாற்றுகிறது. ஒரு பணி பழைய வரிசையிலும் இன்னொன்று புதிய வரிசையிலும் ஓடினால் ஒருவர் வைத்திருப்பதற்கு மற்றவர் காத்திருந்து இருவரும் உறைந்துவிடுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் பழையதும் சரி, புதியதும் சரி. கலந்தால்தான் தப்பு.

2017-இல் 4.12 பதிப்பு இதற்கு ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: எந்த ஒரு பணியும் முழுக்கப் பழையதில் ஓட வேண்டும், அல்லது முழுக்கப் புதியதில் ஓட வேண்டும். பணிகள் ஒவ்வொன்றாகக் கரையேறுகின்றன. தூங்கும் பணியின் ஸ்டாக்கைப் படித்து, அதில் மாற்றப்படும் ஃபங்ஷன் எதுவும் இல்லையென்றால் அப்போதே புதியதற்கு மாற்றிவிடலாம். கெர்னலிலிருந்து பயனர் நிரலுக்குத் திரும்பும் பணியை அந்த வாசலில் மாற்றலாம். ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும் கோர்களின் பணிகளுக்குத் தனி ஏற்பாடு. இந்த மாறுதல் நடக்கும்போது ஒரே ஃபங்ஷனுக்குள் நுழையும் இரண்டு பணிகள், அதே ஐந்து பைட்டின் வழியாக, வெவ்வேறு நிரலுக்குப் போகும்.

வேறு பிராசஸர்களில் விவரங்கள் மாறுகின்றன. 64-பிட் ஏஆர்எம்மில் எல்லாக் கட்டளையும் நான்கு பைட், ஒழுங்கான எல்லையில் அமர்ந்தவை. நோ-ஆப், நேர்த் தாவல், அழைப்பு, பிரேக்பாயின்ட் முதலிய சிலவற்றை மட்டும், இன்னொரு கோர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றலாம், பார்ப்பவருக்குப் பழையதோ புதியதோ மட்டுமே தெரியும் என்று கட்டமைப்பே உறுதி தருகிறது. ஆனால் கட்டளைக் கேஷும் தரவுக் கேஷும் அங்கே தாமாக ஒத்துப்போகாது. எழுதியதை வெளியே தள்ளுவதும் பழைய கட்டளையைக் கேஷிலிருந்து நீக்குவதும் நிரலின் பொறுப்பு. ரிஸ்க்-ஃபைவில் தூரத்து அழைப்புக்கு இரண்டு கட்டளை, எட்டு பைட் வேண்டும். கட்டளைகளைப் புதிதாக எடுக்கச் சொல்லும் அதன் ஃபென்ஸ்-ஐ கட்டளை, ஓட்டிய கோரை மட்டுமே கட்டுப்படுத்தும். இரண்டு கட்டளைக்கும் நடுவில் ஒரு பணி தூங்கும் வாய்ப்பு அங்கே நேராகவே வந்துவிடுகிறது. அதனால் அந்தக் கட்டமைப்பு பல ஆண்டுகள் ஸ்டாப்-மெஷினையே நம்பியிருந்தது.

லைவ்பேட்சில் ஒரு பணி கரையேறாமலே கிடக்கலாம். மாற்ற வேண்டிய ஃபங்ஷனுக்குள்ளேயே ஏதோ ஒன்றுக்காக மணிக்கணக்கில் காத்திருந்து தூங்குவது நடக்கக்கூடியதே. கெர்னல் பதினைந்து நொடிக்கு ஒரு முறை அப்படிப்பட்ட பணிகளுக்குப் பொய்யான ஒரு சிக்னலை அனுப்பித் தட்டிப் பார்க்கும். பணி விழித்து, வாசல் வரை வந்து, மாறிக்கொண்டு, சிக்னல் எதுவும் இல்லை என்று கண்டு மறுபடி உள்ளே போகும். அதற்கும் அசையாத பணி இருந்தால், இயந்திரத்தை நிர்வகிப்பவர் கட்டாயமாக மாற்றிவிடும்படி ஆணையிடலாம். கெர்னல் கீழ்ப்படியும். ஆனால் அந்த ஆணைக்குப் பிறகு, அந்தத் திருத்த மாட்யூலை நினைவகத்திலிருந்து நீக்கும் வசதி மறுதொடக்கம் வரை நிரந்தரமாக அடைக்கப்பட்டுவிடும். அதன் நிரலுக்குள் எந்தப் பணியாவது இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று இனி உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே காரணம்.